சீசனல் பீர்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

நீங்க கேட்டதைச் சுருக்கமா சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன். அக்டோபர்ல இருந்து ஆசை ஆசையா வாங்கிச் சேர்த்த சீசனல் பீர் (வருஷத்துல ஒரு சீசனுக்கு மட்டும் கடைக்கு வர்றது) பதினோரு பாட்டில் வீட்ல நிக்குது, ஆபீஸ்ல வருஷக் கடைசி டெட்லைன் கழுத்தை நெரிக்குது, லீவுக்கு ரெண்டு பக்கத்து சொந்தமும் வந்து இறங்கப் போறாங்க, இதுக்கு நடுவுல ரெண்டு பாட்டிலை ராத்திரி லேப்டாப் பக்கத்துல வெச்சு குடிச்சும் பார்த்துட்டீங்க, ஒரு ருசியும் மனசுல நிக்கல. சீசன் முடியறதுக்குள்ள மிச்சத்தை எப்படி அனுபவிச்சு முடிக்கிறது, அதுவும் வீட்ல யாரும் முகம் சுளிக்காம, இதுதான் கேள்வி. பதினஞ்சு வருஷமா இந்த பீருங்களைத் தேடித் தேடிக் குடிக்கிறவன் நான், உங்க நிலைமை எனக்கு நல்லாவே புரியுது.

"சீசன் முடியறதுக்குள்ள"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, உங்களை விரட்டுறது அதுதான். கடையில விக்கிற சீசன் வேற, பாட்டிலுக்குள்ள பீர் நல்லா இருக்கிற காலம் வேற. இந்த ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுதான் பாதிப் பேர் டிசம்பர் கடைசி வாரத்துல அவசர அவசரமா காலி பண்றாங்க. நீங்க வெச்சிருக்கிறதுல பாதிக்கு மேல கனமான டார்க் பீர்தான்னா அதுல ஒண்ணைக்கூட இந்த மாசம் திறந்தே ஆகணும்னு கிடையாது. சொந்தக்காரங்க வந்துட்டு ஒரு வாரத்துல கிளம்பிடுவாங்க, அந்த பீர் அலமாரியில அப்படியேதான் நிக்கும்.

இதை சும்மா ஆறுதலுக்கு சொல்லல, இந்த பீருங்க பிறந்த கதையே காத்திருக்கிற கதைதான். பவேரியாவுல 1553-ல ஒரு சட்டம் போட்டாங்க, செப்டம்பர் 29-லிருந்து ஏப்ரல் 23 வரைக்கும்தான் பீர் காய்ச்சலாம், வெயில் காலத்துல காய்ச்சக் கூடாதுன்னு. ஐஸ் மெஷின் எல்லாம் இல்லாத காலம், சூட்டுல காய்ச்சினா கண்ட கிருமியும் சேர்ந்து புளிச்சுப் போயிடும். அதனால மார்ச் மாசம் கடைசி ரவுண்டா கொஞ்சம் ஸ்ட்ராங்கா காய்ச்சி, குளிர்ந்த நிலவறையில பீப்பாயில போட்டு வெயில் காலம் முழுக்க வெச்சுக் குடிச்சாங்க, மிச்சம் இருக்கிறதை புது பீர் காய்ச்சுறதுக்கு முன்னாடி காலி பண்ணுவாங்க. மேர்ட்சன்னு லேபிள்ல பார்க்கிறீங்களே, மேர்ட்ஸ்னா ஜெர்மன்ல மார்ச், அதுல இருந்து வந்த பேருதான். 1810-ல ஒரு ராஜ வீட்டுக் கல்யாணத்துல ஆரம்பிச்ச மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்டோட இந்த பீர் சேர்ந்துக்கிட்டது பின்னாடி நடந்தது, இன்னைக்கு அங்க கூடாரத்துல ஊத்துறது அதைவிட வெளிறின நிறத்துல இருக்கிற வேற ஒண்ணு.

டாப்பல்பாக்னு ஜெர்மனியில ஒரு கனமான பீர் வகை, அதுவும் அப்படித்தான். மியூனிக்ல பவுலானர் மடத்துத் துறவிங்க தவக்காலத்துல சாப்பாடு குறைச்சு விரதம் இருக்கிறப்ப உடம்புக்குத் தெம்பா இருக்கட்டும்னு மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்தின தானியத்தை, அள்ளிப் போட்டு காய்ச்சினது, திரவ ரொட்டின்னே பேரு. அவங்க பீர் சால்வேட்டர்ங்கிறதால இன்னைக்கும் டாப்பல்பாக் வகையில நிறைய பீரோட பேரு "ஏட்டர்"னு முடியும், கடையில பார்த்தவுடனே கண்டுபிடிச்சுடலாம். சாமிக்ளாஸ்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், டிசம்பர் 6, செயின்ட் நிக்கோலஸ் தினத்துல மட்டும்தான் காய்ச்சுவாங்க, பத்து மாசம் போல குளிர்ல கிடக்கும், அப்புறம்தான் பாட்டில். முதல்ல சூரிக்ல பண்ணாங்க, இப்ப ஆஸ்திரியாவுல எக்கன்பர்க்ல பண்றாங்க, ஆல்கஹால் 14 சதவீதம். காய்ச்சுறவங்களே பத்து மாசம் பொறுத்துக்கிட்ட ஒரு பீரை நாம பத்து நிமிஷத்துல மீட்டிங்குக்கு நடுவுல ஊத்திக்கிறது எனக்கு உண்மையிலேயே மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

ஆனா எல்லா பீரும் பொறுக்காது. பீருக்குக் கசப்பும் வாசனையும் குடுக்கிற பூ ஒண்ணு இருக்கு, ஹாப்ஸ்னு பேரு, அதை நம்பி இருக்கிறது பொறுக்கவே பொறுக்காது. வடக்குப் பக்க நாடுகள்ல ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிச்சு செப்டம்பரோட முடியும், அந்தப் புது ஹாப்ஸைப் போட்டு காய்ச்சினது நவம்பர் வாக்குல கடைக்கு வரும். அமெரிக்காவுல சியரா நெவாடாங்கிற கம்பெனியோட செலிப்ரேஷன் ஏல் (ஏல்னா பீர்ல ஒரு வகை) 1981-ல இருந்து அப்படித்தான் வருது, 6.8 சதவீதம், லேபிள்ல பனியும் வீடுமா இருக்கிறதைப் பார்த்துட்டு பட்டை கிராம்பு போட்டிருப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஒரு மசாலாவும் கிடையாது, அந்த பைன் மர வாசனை, ஆரஞ்சுத் தோல் வாசனை எல்லாமே ஹாப்ஸ்ல இருக்கிற எண்ணெய்தான். அந்த எண்ணெய் வாரக் கணக்குல மங்கிக்கிட்டே வரும், ரெண்டு மூணு மாசம் போச்சுன்னா கசப்பு மட்டும் மிஞ்சும், கூடவே ஈரமான அட்டை டப்பா மாதிரி ஒரு பழைய ருசி எட்டிப் பார்க்கும், ஆக்ஸிஜன் உள்ள வேலை செஞ்சதோட அடையாளம் அது. பட்டை, ஜாதிக்காய், கிராம்பு போட்ட கிறிஸ்மஸ் ஏல், பொறுக்குற கனமான பீருக்கும் பொறுக்காத ஹாப்ஸ் பீருக்கும் நடுவுல, அந்த வாசனையும் மாசக் கணக்குல குறையும், அதனால இந்த சீசன்லயே குடிச்சிடலாம், ஆனா அது இந்த வாரமா அடுத்த வாரமான்னு தலையைப் பிச்சுக்க வேண்டாம்.

அதனால இன்னைக்கு ராத்திரி ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி எல்லா பாட்டிலையும் மேஜை மேல எடுத்து வெச்சு லேபிளைப் படிங்க. ஆல்கஹால் எவ்வளவு, பாட்டில் பண்ண தேதி என்ன, ஹாப்ஸ் முன்னாடி நிக்குதா மால்ட் முன்னாடி நிக்குதா, இது மூணும் போதும். ஹாப்ஸ் வகையும் 5, 6 சதவீத லாகர் (குளிர்ல மெதுவா புளிக்க வெக்கிற பீர்) வகையும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், அதுங்களைத்தான் இந்த மாசம் குடிக்கப் போறீங்க. 8 சதவீதத்துக்கு மேல இருக்கிற டார்க் பீர், பார்லி வைன்னு பேர் போட்ட ஸ்ட்ராங் பீர், இம்பீரியல் ஸ்டவுட்ங்கிற கருப்பான ஸ்ட்ராங் பீர், பெல்ஜியம் கிறிஸ்மஸ் ஏல், இதெல்லாம் வெளிச்சம் படாத, குளிர்ச்சியான இடத்துல நிக்க வெச்சு வைங்க, படுக்க வைக்காதீங்க, அடியில இருக்கிற ஈஸ்ட் மண்டி பக்கவாட்டுல ஒட்டிக்கும். பெல்ஜியத்துல செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்மஸ் ஏல் 10 சதவீதம், டி டோலேங்கிற கம்பெனியோட ஸ்டில்லே நாக்ட் 12 சதவீதம், இந்த மாதிரி பீர் அடுத்த வருஷமும் நல்லாத்தான் இருக்கும், பல பேர் ரெண்டு வாங்கி ஒண்ணை வேணும்னே ஒரு வருஷம் விட்டுட்டு உலர்ந்த திராட்சை மாதிரி, ஷெரி ஒயின் மாதிரி ஒரு ருசி ஏறுறதுக்காகவே காத்திருப்பாங்க. நானும் அப்படித்தான், ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பாட்டில், மூடி மேல மார்க்கர்ல வருஷத்தை எழுதி வெச்சிடுவேன்.

வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். பச்சை பாட்டிலும் கண்ணாடி மாதிரி தெளிஞ்ச பாட்டிலும் ஜன்னல் ஓரத்துல ஒரு பகல் இருந்தாலே போச்சு, ஹாப்ஸ்ல இருக்கிற கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைஞ்சு கந்தக நாத்தம் அடிக்கும். பிரவுன் பாட்டில் பெரும்பாலும் தாங்கும், கேனுக்கு அந்தப் பயமே கிடையாது. விருந்து அன்னைக்கு அழகுக்காக பாட்டிலை எல்லாம் வெயில் படுற டேபிள்ல வரிசையா அடுக்கி வைக்கிறதைப் பார்த்தா எனக்குக் கை பரபரக்கும், எழுந்து போய் உள்ள எடுத்து வெச்சுட்டுதான் உட்காருவேன்.

இப்ப வேலை விஷயம். லேப்டாப் பக்கத்துல வெச்சுக் குடிச்சப்ப ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னீங்க, தெரியாது, ருசிங்கிறதுல பெரும்பங்கு மூக்குல நடக்குற வேலை, ஸ்ப்ரெட்ஷீட்ல கண்ணையும் மனசையும் வெச்சுக்கிட்டு மூக்கு மட்டும் தனியா வேலை செய்யாது. அதை விட முக்கியமா ஒரு கணக்கு இருக்கு. 330 மில்லி பாட்டில் 5 சதவீதம்னா அதுல சுத்த ஆல்கஹால் சுமார் 13 கிராம். அதே சைஸ் பாட்டில் 10 சதவீதம்னா 26 கிராம். 14 சதவீத சாமிக்ளாஸ்னா 36 கிராம். நம்ம ஈரல் சராசரியா மணிக்கு 7-லிருந்து 10 கிராம்தான் கரைக்கும், ஆளுக்கு ஆள் மாறும், காபி குடிச்சாலோ பச்சைத் தண்ணியில குளிச்சாலோ அந்த வேகம் கூடாது. அப்ப பத்து மணிக்கு "ஒரே ஒரு பீர்தானே"ன்னு 10 சதவீதத்தை முடிச்சீங்கன்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் உடம்பு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும். படுத்தவுடனே தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், ஆனா பின் ராத்திரியில முழிப்பு வரும், கனவு வர்ற தூக்கம் குறையும், காலையில ஏழு மணி ஆபீஸ் போன் கால்ல நீங்க பேசுறது உங்களுக்கே கேட்காது. பீர்னா பீர்தானேன்னு எல்லாத்தையும் ஒரே அளவா நினைக்கிறதுதான் இந்த சீசன்ல பலரும் பண்ற தப்பு, எடுத்த பாட்டிலோட சதவீதத்தைப் படிக்காம மூடியைத் திறக்காதீங்க.

அதனால நான் எனக்குன்னு வெச்சிருக்கிற வழக்கத்தைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கங்க. மறுநாள் வேலை இருக்கிற ராத்திரியில கனமான பீர் கிடையாது, குடிக்கணும்னு தோணுச்சுன்னா 5 சதவீதத்துக்குள்ள ஒண்ணு, அதுவும் லேப்டாப்பை மூடி பையில போட்டதுக்கு அப்புறம். கனமானது எல்லாம் மறுநாள் லீவா இருக்கிற சாயங்காலத்துக்கு. இப்பவே காலண்டரைத் திறந்து டெட்லைன், ஊர்ல இருந்து வர்றவங்களைக் கூட்டிட்டு வரப் போற நாள், கார் ஓட்ட வேண்டிய நாள் எல்லாத்தையும் முதல்ல குறிச்சுட்டுப் பார்த்தீங்கன்னா மிச்சம் மூணு நாலு சாயங்காலம்தான் தேறும். நாலு சாயங்காலம்னா நாலு பாட்டில், பதினோரு பாட்டிலுக்கு நாள் தேட வேண்டாம். கார் ஓட்டப் போற நாள்ல ஒரு வாய்கூட வேண்டாம், யார் ஓட்டுறதுன்னு முதல் பாட்டில் திறக்குறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடணும், குடிச்சதுக்கு அப்புறம் "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு எடுக்குற முடிவு முடிவே கிடையாது.

ஆபீஸ் பார்ட்டியில உங்க நல்ல பீரை வீணாக்காதீங்க, அங்க சத்தத்துல ருசி பார்க்க முடியாது. கையில ஒரு கிளாஸ் இருந்தா போதும், யாரும் "என்ன எடுக்கலையா"ன்னு துளைக்க மாட்டாங்க, அது ஆல்கஹால் இல்லாத 0.5 சதவீத பீரா இருந்தாலும் சரி சோடாவா இருந்தாலும் சரி. இந்த ஆல்கஹால் இல்லாத பீர் இப்ப நிஜமாவே நல்லா வந்திருக்கு, வெறுப்பா ஒதுக்காம ஒரு தடவை குடிச்சுப் பாருங்க. இன்னொண்ணும் அக்கறையோட சொல்றேன், வேலை டென்ஷன் தாங்க முடியாம தினமும் ராத்திரி ஒண்ணு இருந்தாதான் தூக்கம் வருதுன்னு ஆச்சுன்னா அது சீசனல் பீர் விஷயம் இல்ல, ஒரு டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேச வேண்டிய விஷயம், அதுல வெட்கப்பட எதுவும் இல்ல.

குடும்பத்தோட இருக்கிற நாள் பத்திதான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு. இந்த பீர் எதுக்காக காய்ச்சினதுன்னு பார்த்தா கூடி இருக்கிறதுக்குத்தான். நார்வேயில குலாதிங் சட்டம்னு ரொம்பப் பழைய சட்டம் ஒண்ணு, அதுல விவசாயிங்க குளிர்காலப் பண்டிகைக்கு பீர் காய்ச்சியே ஆகணும், அதுவும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களோட சேர்ந்து குடிக்கணும், செய்யலைன்னா அபராதம்னு எழுதி வெச்சிருந்தாங்க. டென்மார்க்ல இன்னைக்கும் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி 8:59-க்கு டூபோர்க்ங்கிற கம்பெனியோட கிறிஸ்மஸ் பீர் வெளிய வரும், ஊரே பாருக்குள்ள கூடிடும், அது வெறும் 5.6 சதவீத லாகர்தான், ஆனா ஜனங்க வர்றது பக்கத்துல நிக்கிற ஆளுக்காக. அதனால வீட்ல "எங்களோட உட்காராம உன் பாட்டிலோடவே உட்கார்ற"ன்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, கோவிச்சுக்காதீங்க.

என்ன பண்ணலாம்னா, கூட்டம் கூடுற நாளுக்குன்னு ஒரே ஒரு 750 மில்லி பாட்டிலை எடுத்து வைங்க. 10 சதவீதம்னா அதுல 59 கிராம் ஆல்கஹால், தனியா உட்கார்ந்து முடிச்சா கவிழ்ந்துடுவீங்க, அஞ்சு பேர் ஆளுக்கு 150 மில்லின்னு பிரிச்சா ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்ன பீர் அளவுகூட வராது. ஃப்ரிட்ஜுல இருந்து முக்கால் மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க, 4 டிகிரியில கனமான பீர் வாயே திறக்காது, 10, 12 டிகிரிக்கு வந்தாதான் அத்திப்பழம், கருப்பட்டி, ரொட்டி ஓரம் எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வரும். கிளாஸை சோப்பு வாசனை போற வரைக்கும் நல்லா அலசுங்க, உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நுரை நிக்காது, ஊத்தினதும் கண்ணாடி ஓரத்துல குமிழிங்க கூட்டமா ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ் சரியா கழுவலைன்னு அர்த்தம்.

ஊத்துறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அஞ்சு கிளாஸையும் நெருக்கமா வரிசையா வெச்சுட்டு, முதல் கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா ஆரம்பிச்சு, பாட்டிலை நிமிர்த்தாமலே அடுத்தது அடுத்ததுன்னு போயிடணும். நடுவுல நிமிர்த்தி வெச்சுட்டு மறுபடி சாய்ச்சா ஒவ்வொரு தடவையும் அடியில இருக்கிற ஈஸ்ட் கலங்கி மேல வரும், முதல் ஆளுக்குத் தெளிவான பீரும் கடைசி ஆளுக்குச் சேறு மாதிரியும் கிடைக்கும். போன வருஷம் என் மச்சான் கிளாஸைப் பிடிக்க நான் ஊத்தினேன், கடைசி ரெண்டு விரல் அளவு பாட்டில்லயே விட்டுட்டோம், அஞ்சு கிளாஸும் ஒரே செம்பு நிறத்துல, மேல ஒரே உயரத்துக்கு நுரையோட நின்னுச்சு. பீரே தொடாத என் அத்தை ஒரு கிளாஸை எடுத்து மோந்து பார்த்துட்டு "வறுத்த சக்கரை வாசனை வருதேடா"ன்னு சொன்னாங்க, ஒரு வாய்கூட குடிக்கல, ஆனா அன்னைக்கு அந்த பீர்ல என்ன இருக்குன்னு சரியா சொன்னது அவங்கதான்.

குடிக்காதவங்களை "ஒரு வாய் எடுத்துக்கங்க"ன்னு வற்புறுத்தவே கூடாது, ஏன் குடிக்கலைன்னும் கேட்கக் கூடாது, மாத்திரை சாப்பிடுறாங்களோ, கர்ப்பமா இருக்காங்களோ, விட்டுட்டு கஷ்டப்பட்டுத் தாக்குப் பிடிக்கிறாங்களோ, எல்லார் முன்னாடியும் அதைச் சொல்ல வைக்கிறது கொடுமை. அவங்களுக்கும் அதே மாதிரி நல்ல கிளாஸ்ல நல்லதா ஏதாவது ஊத்திக் குடுங்க. சின்னப் பசங்க இருக்கிற வீடுன்னா ஒரு வேலை கண்டிப்பா செய்யணும், படுக்கப் போறதுக்கு முன்னாடி பாதி குடிச்சு வெச்ச கிளாஸ் எல்லாத்தையும் சிங்க்ல கொட்டிடுங்க. காலையில முதல்ல எழுந்திருக்கிறது குழந்தைங்கதான், ஸ்டூல் மேல இருக்கிறதை எடுத்து வாயில வெச்சுடுவாங்க, சின்ன உடம்புக்குக் கொஞ்சம் ஆல்கஹாலே சக்கரை அளவை ஆபத்தா இறக்கிடும்.

அந்த 750 மில்லி பாட்டில்ல பீர் மிஞ்சிடுச்சுன்னா கீழ கொட்ட வேண்டாம், ஷாம்பெயின் பாட்டிலுக்கு விக்கிற பிடிப்பு மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜுல நிக்க வெச்சா மறுநாள் வரைக்கும் கேஸ் நல்லாவே இருக்கும். சாதாரண கார்க்கை மறுபடி அமுக்குறது பிரயோஜனப்படாது, எகிறி வெளிய வந்துடும்.

இன்னொரு விஷயம், "இந்த வருஷம் விட்டா கிடைக்காது"ங்கிற பயம். அது எனக்கும் உண்டு, சில சமயம் அது உண்மையும்கூட. ஆங்கர்னு சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு பிரூவரி, அதாவது பீர் காய்ச்சுற ஆலை, 1975-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்மஸ் ஏல் போட்டாங்க, வருஷா வருஷம் ரெசிபி மாறும், லேபிள்ல வரையிற மரமும் மாறும், 2023-ல பிரூவரியையே மூடிட்டாங்க. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு என் அலமாரியில அவங்க பாட்டில் ஒண்ணு இருந்துச்சு, அதை அந்த டிசம்பர்ல கூட்டத்துக்கு நடுவுல திறக்க மனசு வரல. எல்லாரும் ஊருக்குக் கிளம்பி, கணக்கு எல்லாம் முடிச்சு, வீடு அமைதியான அப்புறம் ஜனவரி மூணாவது சனிக்கிழமை நானும் மச்சானும் மட்டும் ஆளுக்குப் பாதியா ஊத்திக்கிட்டோம். ஹாப்ஸ் எல்லாம் மங்கிப் போய், அடியில ஏதோ காய்ஞ்ச இலை மாதிரி, லேசா சோம்பு மாதிரி ஒரு வாசனை மட்டும் நின்னுச்சு, மச்சான் கிளாஸைக் கையில வெச்சு சூடு பண்ணிப் பண்ணி ஒரு மணி நேரம் குடிச்சான்.